மஸ்டரில் 31 பேர், வேலையில் 47 பேர்: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை புதிய தொழிலாளர் சட்டத்துக்குத் தயாரான விதம்

பின்னணி

குன்னூரில் சின்னத் தொழிற்சாலைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் சம்பளக் கணக்கு, பிஎஃப் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று 29 பழைய சட்டங்களை நான்காக மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2019-லும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டங்கள்தான், ஆனால் ஐந்தாறு வருடம் 'வரும் வரும்' என்று கேட்டுக் கேட்டு யாரும் நம்பாத நிலைக்கு வந்திருந்தார்கள். அதனால் அறிவிப்பு வந்த வாரம் எனக்கு வந்த போன்களில் பாதி பதற்றம்.

அதில் ஒன்று கோத்தகிரி பக்கம் ஒரு சிடிசி தொழிற்சாலையிலிருந்து (தேயிலைக் கொழுந்தை இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற முறை) வந்தது. சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தூளாக்கி குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிற இடம். முதலாளி இரண்டாம் தலைமுறை. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் 1964-ஆம் வருட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கூடவே அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்த சிலரும் உண்டு. முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்: "புதுச் சட்டத்துக்கு என்னென்ன பேப்பர் தயார் பண்ணணும், லிஸ்ட் அனுப்புங்க சார்."

லிஸ்ட் அனுப்பாமல் நேரில் போனேன். இதை எழுதுவதற்குக் காரணம் அங்கே பார்த்ததுதான். மற்ற தொழிற்சாலைகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான் என்பது எனக்குத் தெரியும்.

நவம்பர் கடைசி: முதலில் பார்த்தது

மஸ்டர் ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், 31 பேர் இருந்தார்கள். காலை ஏழரைக்கு கேட் பக்கத்தில் நின்று எண்ணினால் 47 பேர் உள்ளே போனார்கள். மீதி 16 பேர் யார் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். தூள் சலித்து பாக்கிங் செய்கிற பெண்கள் ஏழு பேர், விறகு அடுப்பு பார்ப்பவர்கள் நான்கு பேர், லாரியிலிருந்து கொழுந்து மூட்டை இறக்குகிற லோடுமேன்கள் ஐந்து பேர். இவர்களுக்கு வாரக்கூலி, ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் பேரும் தொகையும் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். பாக்கிங் பெண்களில் ஒருவர் அந்த நோட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறார்.

அடுத்தது ஷிப்ட். ஏப்ரல், மே மாதங்களிலும் மழைக்குப் பிறகு அக்டோபரிலும் கொழுந்து குவியும்போது எட்டு மணி நேர வேலை பன்னிரண்டு மணி நேரமாகிவிடும். கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 'அரை ஷிப்ட்' என்று பாதி நாள் கூலி கொடுத்திருக்கிறார்கள், அதாவது ஒற்றைச் சம்பளம். முதலாளிக்கு இதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. "புதுச் சட்டத்துல ஓவர்டைம் டபுளாமே, எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேட்டார். டபுள் என்பது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் விடுமுறை. பழைய சட்டப்படி வருடத்துக்கு 240 நாள் வேலை செய்தால்தான் சம்பளத்தோடு கூடிய ஈட்டிய விடுப்பு. சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. இங்கே டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி, கொழுந்து வரத்து படுத்துவிடும், வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் அதிகம். அதனால் மஸ்டரில் இருக்கிற 31 பேரிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் வருடா வருடம் 240-ஐத் தொடாமல் விடுப்பை இழந்து வந்திருக்கிறார்கள். புதிய தொகுப்பில் இந்த வரம்பு 180 நாள். இருபது நாளுக்கு ஒரு நாள் என்கிற கணக்கு பழையபடியேதான். 204 நாள் வேலை செய்த ஒருவருக்கு இதுவரை ஒன்றுமில்லை, இனி பத்து நாள். செய்தித்தாள்களில் பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது முதலாளி கொடுக்கிற பணிக்கொடை) பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மலையில் வேலை செய்பவருக்கு இந்த 180 எவ்வளவு பெரிய மாற்றம் என்று நான் எங்கேயும் படிக்கவில்லை.

சம்பளச் சீட்டைப் பிரித்தபோது

கொழுந்தைக் காய வைக்கிற ட்ரையர் இயந்திரம் பார்க்கிற ஒரு அண்ணன். அவர் சீட்டையே உதாரணமாக எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் ஜனவரியோடு வேலையை விட்டுவிட்டு திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மொத்தச் சம்பளம் 13,500 ரூபாய். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 5,400. வீட்டு வாடகைப்படி 2,700, பயணப்படி 1,900, 'சிறப்புப் படி' 3,500. பல வருடத்துக்கு முன் யாரோ ஒரு கணக்காளர் இப்படிப் பிரித்திருக்கிறார், நோக்கம் பிஎஃப்பைக் குறைப்பது. 5,400-க்கு 12 சதவீதம் 648 ரூபாய், அவ்வளவுதான் இவர் கணக்கில் மாதம் பிடித்தது.

புதிய ஊதிய வரையறையைப் பற்றி எல்லோரும் சொல்வது "அடிப்படைச் சம்பளம் 50 சதவீதம் இருக்கணும்". தொழிற்சாலைக் கணக்கரும் அப்படியே புரிந்துகொண்டு 13,500-இல் பாதி 6,750 என்று போட்டு வைத்திருந்தார். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சட்டம் சொல்வது: எல்லா வருமானமும் ஊதியம்தான், அதிலிருந்து பட்டியலில் உள்ளவற்றை மட்டும் கழிக்கலாம். வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், போனஸ், முதலாளி கட்டுகிற பிஎஃப் பங்கு போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படிக் கழிப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை திரும்ப ஊதியத்தில் சேரும். பாதி என்பது கழிவுக்கு உச்சவரம்பு, அவ்வளவே. 'சிறப்புப் படி' அந்தக் கழிவுப் பட்டியலில் கிடையாது. ஆக 2,700-ம் 1,900-ம் மட்டும் கழித்தால் ஊதியம் 8,900.

இதன் விளைவைப் பணிக்கொடையில் பார்க்கலாம். கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வேலை செய்த வருடங்களாலும் பெருக்க வேண்டும். பதிவேட்டின்படி அவருக்கு 14 வருட சர்வீஸ். பழைய 5,400-ஐ வைத்தால் 43,615 ரூபாய். கணக்கர் போட்ட 6,750-ஐ வைத்தால் 54,519. சட்டப்படியான 8,900-ஐ வைத்தால் 71,885. ஒரே மனிதர், அதே 14 வருட வேலை, மூன்று தொகை.

பிஎஃப் விஷயத்தில் இதுவும் முழுக்கப் புதிதல்ல. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற படிகளை அடிப்படைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று மாலை முதலாளியிடம் நேராகவே சொன்னேன்: நாம் புதுச் சட்டத்துக்குத் தயாராவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், இந்த மேஜையில் இருப்பதில் பாதிக்கு மேல் பழைய சட்டத்தின் பாக்கி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நடுவில் ஒரு யோசனை வந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். கோவையில் இருக்கிற முதலாளியின் உறவினர் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்துகிற வரம்பு 20 ஆட்களிலிருந்து 50 ஆகிவிட்டது, எல்லோரையும் ஒரு கான்ட்ராக்டர் பேரில் மாற்றிவிட்டால் தலைவலி இல்லை என்று சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை உண்மைதான். ஆனால் முக்கிய வேலைகளில் ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்று அதே தொகுப்பு பொதுவிதியாகத் தடுக்கிறது, விலக்குகள் சில இருந்தாலும். அந்தத் தடையும் 50 ஒப்பந்த ஆட்கள் உள்ள இடங்களுக்குத்தான், இங்கே நேராகப் பொருந்தாது, ஆனாலும் அந்தப் பிரிப்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதும் அரைப்பதும் காய வைப்பதும் சலிப்பதும் முக்கிய வேலை இல்லை என்றால் வேறு எது? மூட்டை ஏற்றி இறக்குவது முக்கிய வேலையில் சேராது என்று சட்டமே சொல்கிறது.

அதை வைத்துத்தான் முதல் முடிவு. பாக்கிங் பெண்கள் ஏழு பேரும் அடுப்பு பார்க்கிற நான்கு பேரும் மஸ்டருக்கு வருகிறார்கள், ஆக 42 பேர். லோடுமேன்கள் நாலைந்து தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், அதனால் அவர்கள் தங்கள் மேஸ்திரியின் கீழேயே தொடரலாம், ஆனால் யார், எந்த நாள், எவ்வளவு என்று நம் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பெண்களை ஒரு வருடக் குறித்த கால வேலையாகப் போடலாமா என்று முதலாளி கேட்டார். குறித்த கால ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு, நிரந்தர ஊழியருக்குக் கொடுக்கிற அதே சலுகைகளும் உண்டு, அதனால் மிச்சம் ஒன்றுமில்லை, தவிர அவர்கள் செய்வது வருடம் முழுக்க இருக்கிற வேலை என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, சம்பளம். ஊதியம் 8,900 ஆனால் பிஎஃப் பிடித்தம் 648-இலிருந்து 1,068 ஆகும். கையில் வாங்குவதில் மாதம் 420 ரூபாய் குறையும். சேமிப்புதானே என்று நமக்குச் சொல்வது எளிது, டிசம்பரில் வாரம் மூன்று நாள் வேலை பார்ப்பவருக்கு 420 ரூபாய் என்பது கேஸ் சிலிண்டரில் பாதி. அதனால் அடிப்படையில் 500 ரூபாய் கூட்டுவது என்று முடிவு செய்தோம். ஊதியம் 9,400, பிடித்தம் 1,128, மொத்தம் 14,000, முழு மாதத்துக்குக் கையில் 12,872. முன்பு 12,852. இருபது ரூபாய்தான் கூடுதல், ஆனால் குறையவில்லை. முதலாளிக்கு இந்தச் சம்பளத்தில் இருக்கிற ஒரு ஆளுக்கு மாதம் 980 ரூபாய் கூடுதல் செலவு. ஏலத்தில் விலை படுத்துக் கிடக்கிற மாதங்களில் இது சின்னத் தொகை இல்லை, அவர் இரண்டு நாள் யோசித்துத்தான் சரி என்றார்.

மூன்றாவது, பணிக்கொடைக்கு அதுவரை ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. மஸ்டரில் இருந்த 31 பேருக்கும் புதிய ஊதியத்தில் போட்டுப் பார்த்தால் 16 லட்சத்தைத் தாண்டியது. (ஜனவரியில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்ற கம்பெனிகளே இதற்காகக் காலாண்டுக் கணக்கில் ஆயிரம் கோடிக்கு மேல் காட்டின. அவர்களிடம் ஒதுக்கப் பணம் இருக்கிறது, இவரிடம் இல்லை.) எல்ஐசியின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் தவணையாகப் போட்டு வருவது, அடுத்த மூன்று வருடத்தில் வேலையை விடும் வயதில் இருப்பவர்களுக்கு முதலில் தனியே எடுத்து வைப்பது என்று முடிவானது.

ஓவர்டைம் டிசம்பர் 1 முதல் இரட்டிப்பு. நியமனக் கடிதம் எல்லோருக்கும். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் இல்லாதவர்களுக்குச் சட்டம் மூன்று மாதம் அவகாசம் கொடுக்கிறது, பிப்ரவரி 20-க்குள் முடித்தாக வேண்டும்.

டிசம்பர்: அறிவிப்புப் பலகையில் நடந்த தவறு

இந்தத் தவறு என்னுடையது. முடிவுகளை ஒரு பக்கத்தில் டைப் செய்து சம்பள நாளன்று பலகையில் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னேன். மத்தியானத்துக்குள் மூன்று கதைகள் கிளம்பிவிட்டன. பிஎஃப் இரட்டிப்பாகப் பிடிக்கப் போகிறார்கள். கையெழுத்துப் போட்டால் பழைய சர்வீஸ் அழிந்துவிடும், இன்றிலிருந்து புது ஆள். மூன்றாவது, இனி யாரை வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். பாக்கிங் பெண்களில் மூன்று பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவர்கள் பயந்தது சரி. மூத்தவர் என்னிடம் கேட்டார்: "இத்தனை வருஷமா பேரே இல்ல, இப்ப திடீர்னு பேர் எழுதி கையெழுத்து கேட்டா நாங்க என்ன சார் நினைக்கறது?"

காகிதத்தை எடுத்துவிட்டு, மறுவாரம் வேலை முடிந்த பிறகு பாக்கிங் அறையிலேயே டீயோடு உட்கார்ந்தோம். இந்தத் தடவை சட்டத்தைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பேரில் ஒரு துண்டுச் சீட்டு: போன மாதம் இவ்வளவு, இந்தச் சட்டப்படி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, கையில் இவ்வளவு, இன்று வேலையை விட்டால் சர்வீஸ் பணம் (பணிக்கொடை) இவ்வளவு. ஜார்க்கண்ட் ஆட்களுக்கு இந்தியில் எழுதிக் கொடுத்தோம். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை, சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ட்ரையர் அண்ணன் கையைத் தூக்கினார்.

தகர டப்பா

"இதுல 14 வருஷம்னு போட்டிருக்கு. நான் வந்தது 2007 தீபாவளி முடிஞ்சு."

பதிவேட்டிலும் பிஎஃப்பிலும் அவர் சேர்ந்தது 2011 செப்டம்பர். அதற்கு முன் நாலு வருடம் அவரும் அந்தக் கோடு போட்ட நோட்டில்தான் இருந்திருக்கிறார், அந்த நோட்டுகள் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டன. மறுநாள் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். மூடி துருப்பிடித்திருந்தது, ஸ்பூன் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே ரப்பர் பேண்டு உருகி ஒட்டிய காகிதக் கட்டு: உள்ளங்கை அகலத்தில் கூலிச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் தேதி, நாள் கணக்கு, தொகை, ஓரத்தில் பழைய மேஸ்திரியின் சுருக்கொப்பம். ஆக மேலே இருந்தது 2007 நவம்பர். முதலாளி அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார், அது அவர் அப்பா காலத்து மேஸ்திரி.

சர்வீஸை 18 வருடமாக எடுத்தால் புதிய ஊதியத்தில் 97,615 ரூபாய், 14 என்றால் 75,923. வித்தியாசம் 21,692. முதலாளிக்குத் தயக்கம் இந்தத் தொகையில் இல்லை, இவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் வருவார்களே என்பதில்தான். நான் சொன்னது: வருவார்கள், வரட்டும், யார் எப்போது சேர்ந்தார் என்று இந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும், பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியாது. எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருந்தால் ஏற்பது, இல்லாவிட்டால் கூட வேலை செய்த இரண்டு பேர் சொன்னால் ஏற்பது என்று முடிவானது. அந்த மாதம் ஒன்பது பேருடைய சேர்ந்த தேதி பின்னால் போனது.

இன்னொரு சிக்கலும் இதில்தான் வெளியே வந்தது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, பிஎஃப் கணக்கில் மூன்றாவது. அப்பா பெயர் இனிஷியலாக மாறி, இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய், பிறந்த தேதி எல்லோருக்கும் ஏதோ ஒரு ஜூன் மாதமாக இருந்தது. ஆறு பேருக்கு இதைத் திருத்தவே ஜனவரி முழுக்க ஆயிற்று. சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெயர் பொருந்தாவிட்டால் பணம் வராது, இந்தக் குடும்பங்கள் இதை இரண்டு மூன்று தலைமுறையாக அனுபவித்து வருகிறவர்கள்.

ஜனவரி கடைசி, பிப்ரவரி

ட்ரையர் அண்ணனுக்குக் கடைசி நாள் ஜனவரி 31, சனிக்கிழமை. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பது புதிய விதி. முன்பெல்லாம் அடுத்த மாதச் சம்பள நாளன்று வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். திங்கட்கிழமையே சம்பளமும் விடுப்புப் பணமும் அவர் கணக்கில் ஏறிவிட்டன. பணிக்கொடைக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, பதினெட்டாவது நாள் 97,615 ரூபாய் போனது. அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் முழுக் கணக்குப்படி சர்வீஸ் பணம் போனது அதுதான் முதல் தடவை என்று கணக்கர் சொன்னார்.

நியமனக் கடிதங்கள் பிப்ரவரி 17-க்குள் 41 பேருக்கும் கொடுத்தாகிவிட்டது. மறுத்த மூன்று பெண்களும் வாங்கிக்கொண்டார்கள், சேர்ந்த உண்மையான தேதி கடிதத்தில் இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லிவிட்டு. விடுப்புக் கணக்கை 2025-ஆம் வருட நாட்களை வைத்தே 180 வரம்பில் போட்டோம்.

முடியாதது ஒன்று இருக்கிறது. போன சீசன்களில் ஒற்றைச் சம்பளமாகக் கொடுத்த ஓவர்டைமின் மீதி. போன இரண்டு வருடத்துக்காவது கொடுங்கள் என்று கேட்டேன், முதலாளி இதுவரை சம்மதிக்கவில்லை. அந்த இரண்டு வருட ஷிப்ட் நோட்டுகளை அழிக்காமல் வைப்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். என் கருத்தில் அது தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பணம், அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இனி வேறு மாதிரி செய்ய வேண்டியவை

சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்காமல் கேட்டில் நின்று தலை எண்ணுவதை முதல் வேலையாக வைத்திருக்க வேண்டும், அதுவும் கொழுந்து நெருக்கடி இல்லாத மாதத்தில். எங்களுக்கு அறிவிப்பு குளிர்காலத்தில் வந்தது அதிர்ஷ்டம், மே மாதம் வந்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. கையெழுத்துக் கேட்பதற்கு முன் துண்டுச் சீட்டு. சேர்ந்த தேதியைத் தொழிலாளியிடமே முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பதிவேட்டைத் திறப்பது, நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

விதிகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. மத்திய அரசின் வரைவு விதிகள் டிசம்பர் கடைசியில்தான் வெளிவந்தன, மாறும் காலத்தில் பழைய சட்டங்களின் விதிகள் தொடரும் என்றும் அரசு சொல்லியிருந்தது. விதி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இதைக் காரணம் காட்டி நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலை எண்ணுவதற்கும், சேர்ந்த தேதியைத் திருத்துவதற்கும், டபுள் ஓவர்டைமுக்கும் எந்த விதியும் தேவைப்படவில்லை.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசம் என்று சொல்கிறார்கள், அதை இன்னும் தொடங்கவில்லை. சிடிசி அறையில் நின்று பேசினால் கத்தித்தான் பேச வேண்டும், அங்கே இருபது வருடம் நின்ற இரண்டு பேர் வெளியே வந்தும் கத்தித்தான் பேசுகிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரையோடு நிறுத்தாமல் காது பரிசோதனையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சீசனில் ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களை அழைக்க முதலாளிக்கு ஆசை இருக்கிறது. அவர்கள் சம்மதமும் பாதுகாப்பும் இருந்தால் புதிய சட்டம் அனுமதிக்கிறது. பிப்ரவரிக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது பாக்கிங் பெண்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து லைன் வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வரை முக்கால் கிலோமீட்டர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, இருட்டினால் கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற இடம். ஜீப் வருமா, எத்தனை மணிக்கு வரும், கடைசி ஆள் வீட்டுக்குள் போகும் வரை நிற்குமா என்று கேட்டார்கள். அந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வரும் வரை சம்மதக் கடிதத்தை யாரிடமும் நீட்ட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.